புழு வாங்காதீர்கள், உப்புக் கவலை போதும்

பழவேற்காடு பாலத்தின் மேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் நின்றால் போதும், தூண்டில்காரர்களில் எத்தனை கட்சி உண்டு என்று தெரிந்துவிடும். உயிரோடு நெளிகிற புழுதான் இரை என்பது ஒரு கட்சி. இவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள்; பென்ஷன், தொப்பி, மடக்கு நாற்காலி சகிதம் வருவார்கள். சூப்பர் மார்க்கெட் ஐஸ் இறால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிப்பது இன்னொரு கட்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூக்கக் கண்ணோடு நேராக பைக்கில் வந்து நிற்கிற பிள்ளைகள் இவர்கள். மூன்றாவது கட்சி சின்னது, ஆனால் சத்தம் பெரியது. ஆன்லைனில் வரவழைத்த டப்பா இரை, ரப்பர் மீன், மினுமினுக்கும் பசை என்று ஒரு பெட்டியையே திறந்து வைத்துக்கொண்டு மற்ற இரண்டு கட்சிக்கும் பாடம் எடுப்பார்கள்.

இவர்களுக்குள் நடக்கிற சண்டை எல்லாம், எதைப் போட்டால் மீன் கடிக்கும் என்பதுதான். அதில் எனக்கும் கருத்து உண்டு, பின்னால் சொல்கிறேன். நான் சண்டைக்கு நிற்பது வேறு விஷயத்துக்காக. உங்கள் கையில் இருக்கிற இரை எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது? அதை யார் எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள்? இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் "பெரிசு ஆரம்பிச்சுட்டாருடா" என்று ஓரமாகப் போய்விடுகிறார்கள். எழுத்தில் அப்படி ஓட முடியாது அல்லவா? அதனால் இங்கே எழுதுகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காக இரண்டு வரி. நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். 1962-ல் சட்டப்படி எல்லாம் கைமாறிய பிறகும் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. தூண்டில் இரைக்கு பிரெஞ்சில் உள்ள சொல்லை உச்சரித்தால் கிட்டத்தட்ட 'அப்பா' என்று காதில் விழும். வாத்தியார் டிக்டேஷனில் அந்தச் சொல்லைச் சொன்னதும் பின் பெஞ்சு முழுக்கக் குலுங்கியது; நான்கு பேர் முட்டி போட்டோம். அதே பாஷையில் மீன் பிடிப்பவனுக்கும் பாவம் செய்பவனுக்கும் ஏறக்குறைய ஒரே எழுத்து. ஒரு எழுத்தின் தலையில் குல்லா வைத்தால் மீன்பிடிப்பவன், குல்லாவை எடுத்துவிட்டுச் சாய்கோடு போட்டால் பாவி. டிக்டேஷனில் குல்லா விட்டுப்போனால் மதிப்பெண் போகும். பாலத்தின் மேல் சிலரைப் பார்க்கும்போது அந்தக் குல்லா ஞாபகம் வருகிறது.

படிப்பு முடித்து மத்திய அரசின் உப்பு இலாகாவில் எழுத்தரானேன். 1815 ஒப்பந்தத்தில் புதுச்சேரிப் பக்கத்து உப்பு வியாபாரத்தை ஆங்கிலேயக் கம்பெனி தன் கைக்குக் கொண்டுபோயிற்று என்று பள்ளியில் படித்தவன், அதே உப்புக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தேன் என்பது ஒரு வேடிக்கை. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் உப்பளங்களுக்குப் போகிற வேலை. வேலை முடிந்த மாலைகளில் எண்ணூர்க் கழியில் தூண்டில். ஓய்வு பெற்றபின் பொன்னேரியில் வீடு, தூண்டில் பழவேற்காட்டில். ஆக, உப்பும் சேறும் எனக்குப் புதிதல்ல.

முதலில் புழுக் கட்சி. என் வயதுக்காரர்கள் என்பதால் இவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நாம் சேற்றுப்புழு என்பதை இப்போது எல்லோரும் பாலிகீட் என்கிறார்கள். கழியின் சேற்றில் வளை தோண்டி வாழ்வது. பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் கால் போல இருக்கும். மக்கிய இலை, செத்த பூச்சி, மேலிருந்து விழும் தூசி, எல்லாவற்றையும் தின்று சேற்றுக்குள் கொண்டுபோகும். அது போகிற வளை வழியாகத்தான் தண்ணீரும் காற்றும் சேற்றின் அடிக்குப் போகிறது. புழு இல்லாத சேற்றைக் கையால் கிளறிப் பாருங்கள், கறுப்பாக, அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். கிழங்கான் இந்தப் புழுவைத் தின்றுதான் வளர்கிறது. நண்டு தின்கிறது, இறால் தின்கிறது. நீண்ட அலகை வைத்துக்கொண்டு குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வருகிற உள்ளான் கூட்டம் சேற்றைக் குத்திக் குத்தித் தேடுவதும் இதைத்தான். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். ஆளை முழுகடிக்கும் ஆழம்கூட இல்லாத ஏரி அது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் பக்கம்தான். அந்த ஏரியின் சொத்தே அடிச் சேறுதான்.

அந்தச் சேற்றை இன்று மூட்டை மூட்டையாகக் கிளறுகிறார்கள். காரணம் தூண்டில் அல்ல, இறால் குஞ்சுப் பண்ணை. 2009 முதல் வெளிநாட்டு வன்னாமி இறாலை வளர்க்க நம் நாட்டில் அனுமதி உண்டு. தாய் இறால் விமானத்தில் வருகிறது. நீலாங்கரையில் அதற்கென்றே கட்டிய தனிமைக் கூடத்தில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறார்கள். இவ்வளவு பந்தோபஸ்து. பிறகு அந்தத் தாய் இறால் நிறைய முட்டை இட வேண்டுமே, அதற்குச் சேற்றுப்புழுவின் கொழுப்புக்கு ஈடான தீனி இல்லை. எனவே நம் கழியிலிருந்து தோண்டிய புழு பண்ணைக்குப் போகிறது. 2005-லேயே சென்னையில் உள்ள சிபா என்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இந்தப் புழு வெள்ளைப்புள்ளி வைரஸை இறாலுக்குக் கடத்தும் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை.

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் இந்தத் தோண்டலை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள், பத்திரிகைகளிலும் வந்தது. அதைப் படித்துவிட்டு "அநியாயம் சார்" என்று என்னிடம் அங்கலாய்த்த ஒரு ரிட்டயர்ட் நண்பர், அடுத்த வாரம் பாலத்தில் அரைக் கிலோ பாலிதீன் பை நிறையப் புழுவோடு நின்றார். பண்ணைக்குப் புழு கொடுக்கிற அதே ஆளிடம் வாங்கியது.

"இது என்ன சார்?" என்றேன்.

"ரெண்டு பிடி புழு. அதுக்கு ஒரு லெக்சரா?" என்றார்.

இரண்டு பிடி இல்லை. மாலையில் பார்த்தேன், பையில் பாதிக்கு மேல் மிச்சம். வெயிலில் செத்து, கஞ்சியாகி இருந்தது. பாலத்திலிருந்து கவிழ்த்துவிட்டுப் போனார்.

இந்த ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 'பாடு' என்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்க்காரர்கள் இறால் பிடிக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். இன்று எனக்கு நல்ல இடம் வந்தால் நாளை உனக்கு. தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரிலேயே பிழைக்கிற மனிதர்கள், தமக்குத் தாமே கடிவாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்கு வருகிற நமக்கு மட்டும் ஒரு கணக்கும் கிடையாது, காசு இருந்தால் எத்தனை கிலோ புழுவும் வாங்கலாம் என்றால் அது என்ன நியாயம்?

வலை இல்லாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். கழியில் இறங்கி, பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்குப் படகு இல்லை, பாடும் இல்லை. விரல்தான் முதல். கரையேறி வந்த ஒரு அம்மாவிடம் பறியில் ஏன் இவ்வளவு கொஞ்சம் என்று கேட்டேன். "மண்ணுல புழு இருந்தாத்தான் ஐயா கையில எறா மாட்டும். தோண்டிப் போட்ட எடத்துல கைய வெச்சா வெறும் சேறுதான். கால் வேற பள்ளத்துல போவுது" என்றார். அவர் காட்டிய இடத்தில் நீர் வற்றின நேரம், மண்வெட்டி வெட்டின குழிகள் வரிசையாகத் தெரிந்தன. தோண்டுகிறவர்களும் ஏழைகள்தான். கூலிக்கு வெட்டுகிறார்கள், அவர்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பென்ஷன் வாங்குகிற கை ஏன் அந்தப் பைக்கு நீள்கிறது என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு பதில் கட்டாயம் வரும். நூறு தடவை கேட்டிருக்கிறேன். "அனல் மின் நிலையச் சாம்பல் கழியை மூடுது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர்க் கழி முழுக்கப் பிசின் மாதிரி ஒட்டிச்சு. அதையெல்லாம் விட்டுட்டு என் தூண்டில் முள்ளுக்கு வந்துட்டீங்களே?"

அதை நான் விடவில்லை. அந்த எண்ணெய் படிந்த படகுகளையும், கையால் எண்ணெயை வழித்து வாளியில் ஊற்றிய மனிதர்களையும் பார்த்து வயிறு எரிந்தவன்தான் நானும். ஆனால் யோசித்துப் பாருங்கள். சாம்பலும் எண்ணெயும் வந்து படிந்த சேறு மறுபடி உயிர் பெற வேண்டுமானால் அதற்குள் காற்றைக் கொண்டுபோக யார் வேண்டும்? அதே புழுதான். அடிபட்டவனுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரே ஆளையும் பிடித்து முள்ளில் கோத்துவிட்டு, அடித்தவன் பெரியவன் என்று காரணம் சொல்வது எப்படி? தொழிற்சாலை மேல் மனுப் போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். நாற்பது வருஷம் மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றிய அனுபவத்தில் சொல்கிறேன், மனு நகர நாளாகும். புழுப் பையை இன்றைக்கே கீழே வைக்கலாம், அதற்கு யார் உத்தரவும் வேண்டாம்.

சரி, புழு வேண்டாம் என்றால் ஐஸ் இறாலுக்குப் போகலாமா? சிப்காட் பிள்ளைகள் அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "சார், இது க்ளீன். ஃப்ரீசர்ல மைனஸ் இருபதுல இருந்தது. கிருமி எல்லாம் செத்துப் போயிருக்கும்" என்றான் ஒரு தம்பி, டிப்ளமோ படித்தவன்.

கிருமி சாகாது தம்பி. இறாலின் வெள்ளைப்புள்ளி வைரஸுக்கு உறைபதனம் என்பது சாவு அல்ல, தூக்கம். சமைத்தால் சாகும். பச்சையாக உறைய வைத்த இறாலில் அது அப்படியே காத்திருக்கும். மனிதனை ஒன்றும் செய்யாது, அதனால் சாப்பிடுகிறவர்களுக்குப் பயமில்லை. இறாலையும் நண்டையும்தான் கொல்லும். 1994, 95-ல் நெல்லூர்ப் பக்கத்திலும் நம் கரையிலும் இறால் பண்ணைகள் வரிசையாகக் காலியானது இந்த நோயால்தான். குட்டைக்குக் குட்டை வெள்ளைப் புள்ளி விழுந்த இறால் செத்து மிதந்தது அந்த வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு மறந்திருக்காது.

இப்போது ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே இந்த நோய் இறால் பண்ணைகளில் இல்லாமல் இருந்தது. 2016 இறுதியில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் திடீரென்று கிளம்பியது. பண்ணை பண்ணையாக மருந்து ஊற்றி எல்லா இறாலையும் அழித்தார்கள். எப்படி வந்தது என்று தேடியபோது, கடைகளில் சாப்பிட விற்ற வெளிநாட்டுப் பச்சை இறாலிலேயே வைரஸ் இருந்தது தெரிந்தது. அந்த இறாலை வாங்கித் தூண்டிலில் மாட்டுகிறவர்கள் வழியாக ஆற்றுக்குள் போயிருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகித்த முக்கியமான பாதை. 2017 ஜனவரியில் பச்சை இறால் இறக்குமதியையே நிறுத்தி வைத்தார்கள். பிறகு மோர்ட்டன் விரிகுடாவில் இயற்கையாக வாழும் இறாலிலும் நண்டிலும் வைரஸைக் கண்டார்கள். ஒரு நாட்டின் சுங்கம், குவாரண்டைன், சட்டம் அத்தனையும் நின்றுகொண்டிருக்க, அவற்றின் கால் நடுவே தூண்டில்காரன் கையில் பிடித்த ஒரு பாக்கெட் போயிருக்கலாம் என்றால், நம் பாலத்தின் மேல் பல்லால் கிழிக்கிற பாக்கெட்டைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியுமா? அது எந்தப் பண்ணையில் வளர்ந்தது, என்ன நோயில் அவசரமாகப் பிடித்து விற்றது என்று யாருக்குத் தெரியும்? உங்களுக்கு விலை குறைந்த இறால். ஏரியில் இருக்கிற வெள்ளை இறாலுக்கும் களி நண்டுக்கும் அது வேறு சமாசாரம்.

இரையாகவும் அது உசத்தி ஒன்றும் இல்லை. உறையும்போது தசைக்குள் இருக்கிற தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டி திசுவைக் கிழித்துவிடுகிறது. வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறைய வைப்பதால் ஊசிகள் இன்னும் பெரிசு. ஐஸ் விட்டபின் இறால் கொழகொழவென்று ஆகிவிடும். வீசுகிற வேகத்தில் இரை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். கெளுத்திக்குஞ்சு வந்து ஒரு இழுப்பில் உருவிக்கொண்டு போய்விடும். தக்கை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வெறும் முள்ளோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

டப்பா இரைக் கட்சிக்கு நான் அதிக நேரம் ஒதுக்கப்போவதில்லை. எதனால் செய்தது என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்கக் கண்ணாடிக்கு மேல் கண்ணாடி வேண்டும். வாசனை எனக்கே தலைசுற்றுகிறது. காலி டப்பா எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் பாலத்தின் அடியில் எட்டிப் பாருங்கள். உயிர்ப்புழுவையே தூரதேசத்திலிருந்து பார்சலில் வரவழைக்கலாமே என்று அந்தக் கட்சியில் ஒருவர் யோசனை சொன்னார். அதற்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் கிழக்குக் கரை மெய்ன் மாநிலத்திலிருந்து தூண்டில் புழுவை ஈரக் கடற்பாசியில் பொதிந்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள். மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோவில் மீன்பிடிக்கிறவர்கள் புழுவை எடுத்துக்கொண்டு பாசியைத் தண்ணீரில் எறிந்தார்கள். அந்தப் பாசிக்குள் ஒளிந்திருந்த கிழக்குக் கரை நத்தை, பல்லாயிரம் மைல் தாண்டி அந்த விரிகுடாவில் குடியேறிவிட்டது.

ஏரி, குளம், ஆறு என்று நல்ல தண்ணீரில் போடுகிறவர்களும் தப்பிக்க வேண்டாம். விராலுக்கு உயிர்க்குஞ்சு மாட்டுவது பழைய வழக்கம். ஆரணி ஆற்றில் லட்சுமிபுரம் அணைக்கட்டுப் பக்கம் இன்றும் செய்கிறார்கள். அந்தத் தண்ணீரிலேயே பிடித்த குஞ்சானால் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் வாளியில் எங்கிருந்தோ ஜிலேபிக் கெண்டைக் குஞ்சைக் கொண்டுவந்து, நாலு மாட்டிவிட்டு மிச்சம் நாற்பதை "பாவம், உயிர் பிழைக்கட்டும்" என்று ஆற்றில் விடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்களே! ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று 2000-த்திலேயே மத்திய அரசு தடை போட்டது. அதன் குஞ்சும் இந்த வாளிகளில் வருவதைக் கண்ணால் பார்த்தேன். கெண்டை, கெளிறு, அயிரை எதுவானாலும் விழுங்குகிற மீன் அது. புண்ணியம் செய்ய வேறு இடம் பார்க்கலாம்.

இந்த விஷயத்தில் நான் கும்பிடு போடுகிற ஆட்கள் யார் தெரியுமா? சிப்காட் பக்கத்து ஏரியில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுகிற வங்காளத்துத் தொழிலாளிகள். பக்கத்து மாமரத்தில் முசுறு எறும்புக் கூட்டைக் குச்சியால் தட்டி, கடிபட்டுக்கொண்டே அதன் முட்டையை எடுத்து, கோதுமை மாவோடு பிசைந்து உருண்டை பிடிக்கிறார்கள். நாலு உருண்டை. அவ்வளவுதான் அன்றைக்கு. அவர்கள் ஊரில் அது பழைய பழக்கம் என்றார்கள். அந்தக் கரையிலேயே எடுத்தது, அந்தத் தண்ணீரிலேயே கரைகிறது, மிச்சம் இல்லை, பை இல்லை. ஆயிரம் மைல் தள்ளி வந்து கூலி வேலை செய்கிறவர்களுக்கு இருக்கிற இங்கிதம், இங்கேயே பிறந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

இனி என் கட்சி. உப்புக் கட்சி. இப்போதைக்கு இதில் நான் ஒருவன்தான் உறுப்பினர், தலைவரும் நானே.

கவலை மீன் வந்திருக்கிற நாளில் பழவேற்காடு மார்க்கெட்டில் அரைக் கிலோ வாங்குங்கள். மலிவான மீன்தான். பக்கத்துக் கடலில் அன்று பிடித்தது. (கவலை வாங்கக் காசு கொடுக்கிறாயே என்று என் சம்சாரம் கேட்பாள். இத்தனை வருஷமாக அதே ஹாஸ்யம், இத்தனை வருஷமாக நானும் சிரிக்கிறேன்.) தலையும் குடலும் நீக்கி, முதுகெலும்போடு ஒட்டாமல் இரண்டு பக்கச் சதையையும் தோலோடு அறுத்து, சுண்டுவிரல் அகலத்துக்குத் துண்டு போடுங்கள். கல் உப்புத்தான் வேண்டும். தூள் உப்பு சட்டென்று கரைந்து மேல்சதையை இறுக்கிவிடும், உள் ஈரம் வெளியே வராமல் நடுவில் அழுகும். கல் உப்பு மெதுவாகக் கரைந்து மெதுவாக இழுக்கும். ஜாடியின் அடியில் ஒரு அடுக்கு உப்பு, மேலே தோல் கீழாக ஒரு அடுக்கு மீன், மறுபடி உப்பு. ஒரு நாள் கழித்துத் திறந்தால் மீன் தண்ணீரில் மிதக்கும். அதை வடித்துவிட்டுப் புது உப்புப் போடுங்கள். மூன்றாம் நாள் துண்டு தோல் செருப்பு வார் போல வளையும், கிழியாது. ஃப்ரீசர் வேண்டாம், கரண்டு போனால் கவலையும் வேண்டாம். கணவாய் கிடைத்தால் அதையும் இதே மாதிரி போடலாம். அது இன்னும் கெட்டி, ஒரு துண்டில் நாலு மீன்கூடப் பிடிக்கலாம்.

தூண்டில் போடுமுன் பத்து நிமிஷம் கழித் தண்ணீரிலேயே ஊறவிட்டு முள்ளைத் தோல் பக்கத்தில் ஏற்றுங்கள். எவ்வளவு வீசினாலும் நிற்கும். நண்டு கொறித்தாலும் அரை மணி தாங்கும். கிழங்கான் எடுக்கும், கெளுத்தி எடுக்கும், சங்கரா எடுக்கும். மிச்சத்தைக் கொட்டத் தேவையில்லை, ஜாடிக்கே திரும்பிப் போகும். பத்து ஞாயிறு ஒரு ஜாடி வந்திருக்கிறது.

கொடுவாய் எடுக்காதே என்பீர்கள். உண்மைதான், கொடுவாய் கொஞ்சம் ராஜா, அசைகிற இரையைத்தான் துரத்தும். அதற்கும் கடைப்பக்கம் போக வேண்டாம். நிற்கிற இடத்திலேயே கைவலையை ஒரு வீச்சு வீசினால் நாலு இறாலோ ரெண்டு மடவைக் குஞ்சோ வரும். வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அதே இடத்தில் விடுங்கள். வலை வீசத் தெரியாதென்றால் கொடுவாய் பிடிக்க என்ன அவசரம், முதலில் வலை வீசக் கற்றுக்கொள்ளலாம். கரையில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள், ஒரு டீ வாங்கிக்கொடுத்தால் போதும். மடவைக்குப் பழைய சோற்றை மஞ்சளோடு பிசைந்து போட்டாலே எடுக்கும். அதற்குப் புழு வாங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

போன மாதம் இரண்டு ஜாடி கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறேன். பாலத்துக்கு வருகிறவர்கள் யார் கேட்டாலும் ஒரு பிடி இலவசம், செய்முறையும் எழுதித் தருகிறேன், தமிழிலும் வேண்டுமானால் பிரெஞ்சிலும். அந்த ரிட்டயர்ட் நண்பருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சார், ஜாடி உங்களுக்காகவே எடுத்து வைத்தது. ஆனால் அந்தப் பாலிதீன் பையோடு வந்தால் என் பக்கத்தில் நாற்காலி விரிக்க வேண்டாம்.